கண்குருவும் கண்கட்டியும்: ஓர் ஒற்றடத்தின் வரலாறு

நெய்யாற்றின்கரை வட்டத்துத் திருப்புறமும் பாறசாலையை ஒட்டிய சிற்றூர்களும் தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் நிலம். 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் வீட்டு வைத்தியத்துக்கு அந்த எல்லைக்கோடு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. இமையோரம் சிவந்து வீங்கினால் மலையாளத்தில் அது கண்குரு, தமிழில் கண்கட்டி. பெயர் எதுவாயினும் கை முதலில் தேடுவது வெப்பத்தையே. உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடேற்றி இமைமேல் வைப்பார்கள்; அல்லது வெதுவெதுப்பான துணியால் ஒற்றுவார்கள்.

இவ்விரு பெயர்களும் நோயைக் குறித்த இரு பார்வைகளைக் காட்டுகின்றன. ‘குரு’ என்பது மலையாளத்தில் விதைக்கும் பருவுக்கும் பொது. பலாக்கொட்டை அங்கே சக்கக்குரு, முகப்பரு முகக்குரு. தமிழிலும் வேர்க்குரு என்ற சொல்லில் இப்பொருள் எங்கும் வழங்குகிறது. ‘கட்டி’யோ இறுகித் திரண்டதைக் குறிப்பது. ஆக, ஒரு பெயர் இமைக்குள் ஒரு விதை புதைந்திருப்பதாகவும், மற்றொன்று நீர்மையாக இருந்த ஏதோ உறைந்துவிட்டதாகவும் உணர்த்துகிறது.

விதை என்ற உருவகம் நமக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கர் இமையோரக் கட்டியை வாற்கோதுமை மணி என்றனர். இலத்தீன் பெயரான ‘ஹோர்டியோலம்’ என்பதும் அதே தானியத்தின் பெயரிலிருந்து வந்தது. வலியின்றி இமைக்குள் உருளும் மற்றொரு கட்டிக்குக் கிரேக்கர் இட்ட பெயர் ‘கலேசியன்’. அதன் பொருள் சிறு ஆலங்கட்டி. இன்றைய கண் மருத்துவரின் சீட்டில் காணப்படும் பெயரும் அதுவே. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். முதலாவதற்குச் சூடான ரொட்டியாலோ சூடாக்கிய மெழுகாலோ ஒற்றடமிடச் சொன்ன அவர், சீழ் கண்டால் மட்டும் கீறும்படி எழுதினார்.

சுச்ருத சம்ஹிதையின் உத்தர தந்திரம் இமை நோய்களை 21 ஆக வகுக்கிறது. அவற்றுள் அஞ்சனநாமிகை எரிச்சலும் குத்தலும் உடைய சிறு சிவந்த கட்டி. லகணம் இலந்தைப்பழ அளவில், கடினமாக, வலியின்றிச் சீழ் பிடிக்காமல் இருப்பது. முன்னதைக் கண்கட்டியாகவும் பின்னதைக் கலேசியனாகவும் இன்று கொள்ளலாம். அஞ்சனநாமிகைக்கு முதலில் வெப்பம் ஊட்டவேண்டும். உடைந்த பிறகே பிதுக்கவேண்டும். அதன்பின் மனோசிலை, ஏலம், தகரம், இந்துப்பு ஆகியவற்றைத் தேனில் குழைத்துத் தேய்க்கவேண்டும் என்பது அந்நூலின் வரிசை. கேரள வைத்தியர்கள் பெரிதும் போற்றிப் பயின்ற அஷ்டாங்கஹிருதயம் இமை நோய்களை 24 ஆக விரிக்கிறது. தமிழ்ச் சித்த மருத்துவ மரபோ கண்ணோய்களை மொத்தம் 96 எனக் கணக்கிடுகிறது.

கணக்குகள் வேறுபட்டன. நோய்க்குக் காரணமாகச் சொல்லப்பட்டவையும் வேறுபட்டன. ஒற்றடம் மட்டும் எங்கும் நிலைத்தது. அது ஏன் பயன்தருகிறது என்பதற்கான விளக்கம் பிற்காலத்தில்தான் கிடைத்தது.

1666இல் ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிச் மைபோம் இமைக்குள் வரிசையாக நிற்கும் சுரப்பிகளை விரிவாக விவரித்தார். அவை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. மேலிமையில் ஏறத்தாழ 25 முதல் 40 வரையும் கீழிமையில் 20 முதல் 30 வரையும் உள்ள இச்சுரப்பிகள் ஒருவகை எண்ணெயைச் சுரக்கின்றன. அந்த எண்ணெய் கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவி, அது விரைவில் உலர்ந்துவிடாமல் காக்கிறது. எண்ணெய் தடித்துச் சுரப்பியின் வாய் அடைபட்டால், உள்ளே தேங்கியது சுற்றியுள்ள திசுவில் கசிந்து அழற்சியை உண்டாக்குகிறது. அதுவே கலேசியன். சுரப்பியில் கிருமி தொற்றிச் சீழ் வைத்தால் அது வலியுள்ள கண்கட்டி. உறைந்த எண்ணெய் உடல்வெப்பத்தைச் சற்றே கடந்த சூட்டில் இளகும். ஒற்றடம் செய்வது அந்த வேலையைத்தான். ‘கட்டி’ என்ற சொல்லின் உட்பொருள் உடற்கூற்றியலோடு பொருந்திவிட்டது.

‘விதை’ என்ற உருவகத்தால் ஒரு தீமை உண்டு. விதை என்றால் பிதுக்கி எடுத்துவிடலாம் என்று கை துடிக்கும். பழுக்காத கட்டியை நசுக்கினால் தொற்று இமை முழுவதும் பரவக்கூடும். உடையும்வரை காத்திருக்கச் சொன்ன பழைய நூல்களின் வரிசையில் உள்ள பொறுமை இன்றும் செல்லுபடியாகும். அவை சொன்ன மருந்துகள் அப்படியல்ல. மனோசிலை ஆர்சனிக் அடங்கிய நஞ்சு. இன்றும் வீடுகளில் பயன்படும் தாய்ப்பாலும் செடிப்பாலும் கருவிழியில் புண்ணை உண்டாக்கக்கூடியவை. இழைத்துப் பூசும் நாமக்கட்டி உலர்ந்து இறுகுமேயன்றி அடைப்பை இளக்காது. துகள் கண்ணில் விழுந்தால் உறுத்தும்.

எஞ்சுவது எளியது. கையைக் கழுவி, சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்த்து, மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வைக்கவேண்டும். துணி விரைவில் ஆறிவிடுமாதலால் மீண்டும் மீண்டும் நனைத்துச் சூடேற்றவேண்டும். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை இவ்வாறு செய்து, ஒவ்வொரு முறையும் இமை விளிம்பை நோக்கி மென்மையாக நீவிவிடவேண்டும். ஒருவர் துணியை மற்றவர் பயன்படுத்தலாகாது. கட்டி ஆறும்வரை மையும் கண்ணுக்குள் பொருத்தும் லென்சும் வேண்டாம். கண்கட்டி பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும். கலேசியன் கரையச் சில வாரங்கள், சிலபோது மாதங்கள்கூட ஆகலாம்.

ஒற்றடத்துக்கும் எல்லை உண்டு. இமை முழுவதும் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, பார்வை மங்கினாலோ, கண்ணை அசைக்கும்போது வலித்தாலோ அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். முதியவருக்கு ஒரே இடத்தில் கட்டி மீண்டும் மீண்டும் வந்தால், குறிப்பாக அவ்விடத்தில் இமைமுடி உதிர்ந்தால், திசுப் பரிசோதனை இன்றியமையாதது. இதே எண்ணெய்ச் சுரப்பிகளில் தோன்றும் புற்றுநோய் கலேசியன் போலவே தோற்றமளித்து ஏமாற்றும். இமைப் புற்றுநோய்களில் அதன் பங்கு மேலைநாடுகளைவிட இந்தியாவில் கூடுதல்.

1838இல் இலண்டன் மிஷன் சங்கத்தின் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியபோது தென்திருவிதாங்கூருக்கு மேலை மருத்துவம் வந்து சேர்ந்தது. அந்த மருத்துவமும் கண்கட்டிக்கு முதலில் சொல்லிவந்தது வெந்நீர் ஒற்றடத்தையே. திருப்புறத்துப் பாட்டி கண்குரு என்றாலும் கண்கட்டி என்றாலும், அவர் கையிலுள்ள சூடான துணி ஈராயிரம் ஆண்டு அனுபவத்தின் எச்சம். அத்துணிக்கு அடங்காத கட்டியைக் கண் மருத்துவரிடம் காட்டுவதும் அந்த அனுபவத்தின் தொடர்ச்சியே.