கண்ணெழுத்து

நெய்யாற்றின்கரை வட்டத்துக் கோட்டுகாலையடுத்த கடற்கரையில் விழிஞ்சம் என்னும் பழம்பட்டினம் இருக்கிறது. ஆய் வேந்தர்க்கு உரியதாயிருந்து, பின்னர் முதலாம் இராசராசன் படைக்கு வசமான ஊர் அது. அங்கு அமைந்த புதிய துறைமுகத்துக்கு, 2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், சீனத்திலிருந்து ஒரு பெருங்கப்பல் ஏராளமான சரக்குப் பெட்டகங்களோடு வந்தணைந்தது. வடிவில் ஒன்றுபோல் மற்றொன்று. அவற்றுள் எது யாருடையது என்பதை எவ்வாறு அறிவது?

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையில், சுங்கம் கொள்வோர் சரக்கு மூட்டைகளின்மேல் சோழனது புலிச் சின்னத்தைப் பொறித்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையோ இன்னும் நுட்பமான செய்தியைத் தருகிறது. அங்குள்ள வெள்ளிடை மன்றத்தில் வணிகர்தம் பொதிகள் குவிந்து கிடந்தன. அவற்றின்மேல் உடையவர் பெயரும், எண்ணும், கண்ணெழுத்தும் இடப்பட்டிருந்தன. வாயிலில்லை, தாழில்லை, காவலாளருமில்லை. திருட வந்தவன் தலையில் அச்சுமையையே ஏற்றி, அம்மன்றம் அவனைச் சுழலச் செய்யுமாம். பூதத்தின் பங்கைக் கவிஞர்க்கு விட்டுவிடுவோம். உடையவன் அருகில் இல்லாதபோது அவன் இடத்தில் நின்றது அவன் பெயர் என்பதுதான் நாம் கருதத் தக்கது.

அப்பெயர் கடல் கடந்தும் சென்றது. எகிப்து நாட்டின் செங்கடல் துறையாகிய குசேர் அல் காதிமில் கிடைத்த பானையோடுகளில் கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் கீறப்பட்டுள்ளன.

இக்காலக் கண்ணெழுத்து கோடுகளால் ஆனது. அமெரிக்கரான நார்மன் ஜோசப் உட்லண்டு, மயாமிக் கடற்கரை மணலில் தந்திக் குறிகளான புள்ளியையும் கோட்டையும் விரலால் கீழ்நோக்கி இழுத்தபோது இக்கருத்து உதித்தது. அவரும் பெர்னார்டு சில்வரும் 1952இல் காப்புரிமை பெற்றனர். ஆயினும் ஒஹையோ மாநிலத்தில் டிராய் நகரக் கடையொன்றில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் கோடுகளைக் கருவி படித்தது 1974 ஜூன் 26இல்தான். ‘பார்கோடு’ என்பதைப் ‘பட்டைக் குறியீடு’ என்று பெயர்க்கிறோம். பெயர்ப்புத் தொழிலில் பல்லாண்டு கழித்த எனக்குக் ‘கண்ணெழுத்து’ என்றே எழுத ஆசை. கோப்பில் அது தேறாது. நம் நாட்டில் பலர் 890 என்று தொடங்கும் எண்ணைக் கண்டதும் பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது என எண்ணுவர். அது சரியன்று. எண்ணை வழங்கிய அமைப்பு இந்தியாவில் உள்ளது என்பதே அதன் பொருள்.

எண் இட்டால் மட்டும் போதாது. எண் பிழைபடாமலும் இருக்க வேண்டும். நான் பணியாற்றிய அலுவலகமொன்றில் ஒரே நாற்காலியின் முதுகில் வெள்ளை வண்ணத்தில் இரண்டு எண்கள் இருந்தன. ஆண்டுதோறும் இருப்பைச் சரிபார்க்கையில் ஒரு நாற்காலி காணாமற் போகும், மறுபடி தோன்றும். சரக்குப் பெட்டகத்தில் இதற்கு வழி செய்துள்ளனர். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், இறுதியில் ஒரு சோதனை இலக்கம். எழுத்துக்கும் இலக்கத்துக்கும் உரிய மதிப்பை 1, 2, 4, 8 என இரட்டித்துச் செல்லும் எண்களால் முறையே பெருக்கிக் கூட்டி, பதினொன்றால் வகுத்தால் மீதி அவ்விறுதி இலக்கமாக வரவேண்டும். மீதி பத்தாயின் சுழியம். எழுதுவோன் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிவிட்டால், பெரும்பாலும் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

பொதிகளுக்கெல்லாம் பெயர் பொறித்த அதே காப்பியத்தில், ஒரு சிலம்பின்மேல் புறக்குறி ஏதுமில்லை. பொற்கொல்லன் சொல்லே சான்றாகிக் கோவலன் வெட்டுண்டான். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்த பிறகே வேறுபாடு தெரிந்தது. இன்று பெட்டகத்தின் கதவில் எண் பொறித்த பூட்டு முத்திரை இடுகின்றனர். அதை முறிக்காமல் கதவைத் திறக்க இயலாது. முத்திரையின் எண் பத்திரத்தில் உள்ளதோடு ஒத்திருந்தால், விழிஞ்சத்தில் இறங்கும் பெட்டகம் பெரும்பாலும் திறவாமலே அடுத்த கப்பலில் ஏறிவிடுகிறது.