தென்கோடியின் குடற்புண் வரலாறு

பழனி மலையின் பூம்பாறையில் விளையும் மலைப்பூண்டு வயிற்று வாயுவுக்கு நாட்டு மருந்தாக வழங்கிவந்த போதிலும், தென்னிந்தியரை நெடுங்காலம் வருத்திய குடற்புண்ணுக்கு, அதாவது செரிமான அமிலம் உட்சுவரை அரிப்பதால் உண்டாகும் புண்ணுக்கு, கைமருந்துகள் போதவில்லை. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்து 1956இல் தமிழகத்தோடு இணைந்த நெய்யூரில், 1922, 1924ஆம் ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல், சிறுகுடலின் தொடக்கப் பகுதியான முன்சிறுகுடலில் இப்புண் மிகுந்திருப்பதைக் கண்டு, இரைப்பையை முன்சிறுகுடலுக்கு அப்பாலுள்ள குடலோடு இணைத்து உணவுக்கு மாற்றுவழி அமைக்கும் அறுவையைப் பெருமளவில் செய்தார்.

அரிசியும் மரவள்ளியும் உண்ணும் தெற்கில் நோய் மிகுந்தும், கோதுமை உண்ணும் வடக்கில் அருகியும் காணப்பட்டமையால், உணவே காரணம் என்ற கருத்து வலுப்பெற்றது. ஆனால், ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் இப்புண்ணுக்குப் பெரிதும் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரை வளர்த்தெடுத்து, 2005இல் நோபல் பரிசு பெற்றனர். நெருக்கமான குடியிருப்பும் தூய்மைக் குறைவும் உள்ள வளரும் நாடுகளில் அது குழந்தைப் பருவத்திலேயே தொற்றுகிறது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும், தொற்று நாடெங்கும் பரவியிருக்கப் புண்ணின் மிகுதி மட்டும் வட்டாரந்தோறும் வேறுபட்டமையால், உணவைப் பற்றிய பழைய வினா முற்றிலும் மறைந்துவிடவில்லை.