சாந்தினி சௌக்: ஓர் அங்காடித் தெருவின் வரலாறு

தில்லியில் குடியேறிய நம்மவர் கலியாணச் சாமான் வாங்கப் புறப்பட்டால் இறுதியில் வந்து நிற்கும் இடம் சாந்தினி சௌக். வெள்ளிக்குத் தரீபா, சரிகைக்குக் கினாரி பஜார், ஏலம் முந்திரிக்குக் காரி பாவ்லி. விலையை அரைநாள் பேசும் நாம், தெருவின் கதையைக் கேட்பதில்லை.

ஷாஜகான் தன் புதிய தலைநகரை 1639-இல் தொடங்கினான். அவன் மகள் ஜஹானாரா 1650-இல் இவ்வங்காடியை அமைப்பித்தாள். செங்கோட்டை முதல் பதேபுரி மசூதி வரை நேரான வீதி, நடுவே கால்வாய், இடையில் ஒரு குளம். அக்குளத்தில் நிலவொளி விழுந்த சதுக்கத்தின் பெயரே தெரு முழுமைக்கும் ஆயிற்று என்பர். இன்று கால்வாயும் இல்லை, குளமும் இல்லை.

இத்தெரு இருமுறை பாழாயிற்று. 1739-இல் நாதிர் ஷா இங்குள்ள சுனேரி மசூதியில் அமர்ந்துகொண்டு நகர மக்களைக் கொல்ல ஆணையிட்டான். ஒரே நாளில் பல்லாயிரவர் மாண்டனர். நகை வணிகரின் தரீபாவும் தப்பவில்லை. 1857-இன் கிளர்ச்சி அடங்கியதும் ஆங்கிலேயர் நகர மக்களையே வெளியேற்றினர். ஜஹானாரா கட்டிய சத்திரம் இடிபட்டு, அவ்விடத்தில் நகர மண்டபம் எழுந்தது. அதன் எதிரே நின்ற மணிக்கூண்டும் 1951-இல் சரிந்தது. ஆயினும் 'கண்டாகர்' என்றால் ரிக்‌ஷாக்காரர் இன்றும் சரியாக அங்கேதான் இறக்கிவிடுகிறார்! இருமுறையும் முதலில் திரும்பி வந்தவர் யாவர் என்று வரலாற்று நூல்கள் விரித்துரைப்பதில்லை. கடை திறந்தவர் பெயரை யார் எழுதினார்? ஆனால் தரீபாவில் தராசு மீண்டும் தொங்கியது. 2021-இல் தெருவைச் செப்பனிட்டுப் பகற்பொழுதில் மோட்டார் வண்டிகளை விலக்கினர். குழந்தைகளோடு செல்வோர்க்கு அது பேருதவி.

எல்லாவற்றினும் நம் மனத்துக்கு நெருங்கியது காரி பாவ்லி. 'காரி' என்பது உவர்ப்பு. 'பாவ்லி' என்பது படிக்கிணறு. ஷாஜகான் நகரம் எழுமுன்னரே, சூர் மரபினர் காலத்தில் வெட்டிய கிணறு அது. கிணறு தூர்ந்துபோயிற்று, அதன் பெயரில் மிகப் பெரிய நறுமணப் பொருட் சந்தை நடக்கிறது. மிளகாய் மூட்டை அவிழும் நேரத்தில் தெருவே தும்முகிறது. சுமைதூக்குவோர் முகத்தில் துணி கட்டியே நடக்கின்றனர். மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையினின்றும், மஞ்சள் ஈரோட்டினின்றும் வருகின்றன. போடிநாயக்கனூரில் ஏலம் போன ஏலக்காய் 2,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து இங்கே வந்து சேர்கிறது. அதையே வாங்கித் தில்லிச் சரக்கு என்று கோடை விடுமுறையில் ஊருக்கு எடுத்துச் செல்வாரும் நம்முள் உளர்.