பஞ்சும் கொழுக்கட்டைப்புல்லும்

1930இல் கலிபோர்னியாவின் டேவிஸில் கோல், ஹார்ட் என்ற இருவர் சினைக்குதிரையின் ரத்தத்தில் ஒரு ஹார்மோனைக் கண்டார்கள். மற்ற விலங்குகளின் கருமுட்டையையும் முதிரவைக்கும் சரக்கு அது. 1960களில் சிட்னியில் ராபின்சன், ப்ரொஜெஸ்டரோன் போன்ற மருந்தில் ஊறிய பஞ்சைப் பெண்ணாட்டின் பிறப்புறுப்புக்குள் வைத்துப் பார்த்தார். 12, 14 நாள் கழித்துப் பஞ்சை உருவி, குதிரை ஹார்மோனை ஊசியாகப் போட்டால், மந்தையில் பெரும்பாலானவை இரண்டு மூன்று நாளில் ஒண்ணா பருவத்துக்கு வந்துவிடும்.

இது குளிர்நாட்டுத் தேவை. அங்கே பகல் குறையும் மாதங்களில்தான் ஆடு சேரும். நம்ம மேச்சேரி ஆட்டுக்கு அந்தக் கட்டு கிடையாது. அப்புறம் எதுக்குப் பஞ்சு? ஒரே வாரத்தில் ஈன்றால் குட்டிகளை ஒரே எடையில் விற்கலாம். செயற்கைக் கருவூட்டலுக்கும் தோது. ராஜஸ்தானின் அவிகாநகர் மத்திய செம்மறி ஆராய்ச்சி நிறுவனம் ‘அவிகேசில்-எஸ்’ என்று உள்நாட்டுப் பஞ்சே தயாரித்தது.

தாராபுரம், மூலனூர்ப் பக்கக் கொறங்காட்டைப் பார்த்தால் கணக்கு மாறுது. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். மழை பேஞ்சு புல் தழைஞ்சா ஆடு தானா தேறி கிடாயைத் தேடும். மேச்சேரி பெரும்பாலும் ஒத்தைக்குட்டிதான் போடும். இதைக் குறை என்று எழுதுவார்கள். எனக்கென்னவோ அந்த மண்ணின் அளவு தெரிஞ்ச ஈத்தாகத்தான் படுகிறது. ஊசியின் அளவைக் கூட்டினால் இரட்டைக்குட்டிக்கு வாய்ப்பு கூடும். ஆனால் பங்குனி, சித்திரையில் புல் கருகிக் கிடக்கும்போது ரெண்டுக்கும் பால் வேணும். தீவனம் வாங்கிப் போட்டால்தான் சுரக்கும். பஞ்சு விலையோடு அந்தச் செலவையும் எழுதித்தான் மேய்ப்பவரிடம் கொடுக்கணும்.