தொலைந்த நூலும் லாகு திருச்சபையும்

சீனத்தின் யுன்னான், பர்மாவின் ஷான் மாநிலம், தாய்லாந்து, லாவோஸ் ஆகிய பகுதிகளின் மலைகளில் வாழ்பவர்கள் லாகு மக்கள். இவர்களுள் ஒரு சிறு பகுதியினர் இன்று அமெரிக்காவில், கலிபோர்னியாவின் விசேலியா நகரில் குடியேறியுள்ளனர். அங்குள்ள லாகு கிறிஸ்தவர்களின் வரலாறு, நற்செய்திக்கும் தாய்மொழிக்குமுள்ள உறவைக் குறித்து நம்மைச் சிந்திக்கச் செய்கிறது.

குயிஷா என்னும் படைப்புக் கடவுளை லாகு மக்கள் தொன்றுதொட்டு அறிந்திருந்தனர். அவர் அரிசி அப்பத்தின்மேல் எழுதித் தந்ததைப் பசியால் முன்னோர் உண்டுவிட்டனர். ஆகவே தமக்கு எழுத்தில்லை என்பது அவர்களது பழங்கதை. இழந்த கடவுளறிவு மீண்டும் வந்தடையும் என்ற நம்பிக்கையும் அவர்களிடையே நிலவிற்று. அமெரிக்கப் பாப்திஸ்து மிஷனெரியான வில்லியம் மார்கஸ் யங் 1901இல் கெங்துங் நகருக்கு வந்தபோது, ஷான் மக்களையே நாடி வந்தார். ஆனால் அவரது செய்தியைத் தம் எதிர்பார்ப்பின் நிறைவாகக் கண்டவர்கள் லாகு மக்களே. 1904 முதல் சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றனர். போதிய போதனையின்றி ஞானஸ்நானம் கொடுக்கப்படுகிறதென்று உடன் மிஷனெரிகளே ஆட்சேபித்ததுமுண்டு. எனினும் இவ்வியக்கத்தை மிஷனெரி ஒருவரின் சாதனையென மட்டும் கொள்வது பொருந்தாது. அதற்கு நிலத்தைப் பண்படுத்தியது அம்மக்களின் சொந்த நம்பிக்கையே.

ஏழு தொனிகளையுடைய லாகு மொழிக்கு ரோம எழுத்துமுறை வகுக்கப்பட்டு, புதிய ஏற்பாடு 1932இல் வெளிவந்தது. கடவுளைக் குறிக்க குயிஷா என்னும் பழம்பெயரே கையாளப்பட்டது. முழு வேதாகமம் 1989இல்தான் வெளியாயிற்று.

இதற்கிடையில் போர் குறுக்கிட்டது. 1960களில் லாவோஸில் அமெரிக்க உளவுத்துறை மலைவாழ் மக்களைத் தன் இரகசியப் படையில் சேர்த்தது. அப்பணியில் ஈடுபட்டவர்களுள் மிஷனெரி யங்கின் பேரனான வில்லியம் யங்கும் ஒருவர். பாட்டனார் ஈட்டிய நன்மதிப்பு பேரன் காலத்தில் போருக்குப் பயன்பட்டதென்பதைத் திருச்சபை வரலாறு மறைத்தல் தகாது. 1975இல் லாவோஸ் பொதுவுடைமையினர் வசமாகவே, லாகு குடும்பங்கள் தாய்லாந்துக்குத் தப்பியோடின. அவற்றுள் சில பின்னர் அமெரிக்கா சென்றன.

அங்கே ஆலயம் வழிபாட்டிடமாக மட்டுமன்றி, லாகு மொழி பொதுவில் ஒலிக்கும் இடமாகவும் விளங்குகிறது. பசையரிசியை இடித்துச் செய்யும் புத்தாண்டு அப்பம் பழைய மலைவாழ்வை நினைவூட்டுகிறது. ஆயினும் ஆங்கிலத்தில் கல்வி கற்கும் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வேதாகமம் எட்டாத நூலாகிவிடக்கூடும். நூலற்றிருந்த மக்களுக்கு நூல் கிடைத்தது; இப்போது நூலுக்கு வாசகர் குறையும் அபாயம் தோன்றியுள்ளது.

ஆங்கில ஆராதனையை ஏற்பது அவிசுவாசமன்று. இளைஞரை இழப்பதைவிட அது நன்றே. ஆனால் குயிஷா என்ற பெயர் வழக்கொழியுமாயின், கடவுள் தம் முன்னோரிடத்தும் சாட்சியின்றி இருந்ததில்லை என்னும் அறிவும் மங்கிப்போகும். ஆகவே ஞாயிறு பள்ளியில் லாகு எழுத்தைக் கற்பிப்பது பண்பாட்டுப் பற்று மட்டுமன்று, அருட்பணியின் இன்றியமையாத பகுதியுமாகும் என்பதே நமது துணிபு.