பழவேற்காட்டு ஓதமும் கப்பிக் கணினியும்

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் அதிகமாக ஏறி, அதிகமாக வற்றும். பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதையே சமன்பாடாக்கி, ஒரு இயந்திரத்தைக் கொண்டு வரைபடம் போட வைத்த கதை 1870களில் தொடங்குகிறது. மென்பொருள் துறையில் இருக்கும் நம்மில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

ஓதம் என்பது பல கோசைன் அலைகளின் கூட்டுத்தொகை. சந்திரனால் வரும் முக்கிய அலைக்கு 12.42 மணி நேரம், சூரியனால் வருவதற்குச் சரியாக 12 மணி நேரம். இன்னும் நிறைய உண்டு. இவற்றைக் கூட்ட வில்லியம் தாம்சன் (பிற்பாடு கெல்வின் பிரபு) 1872-ல் ஒரு இயந்திரத்தை வடிவமைத்தார். ஒவ்வொரு அலைக்கும் ஒரு கப்பி. பல்சக்கரங்கள் சுழலச் சுழல ஒவ்வொரு கப்பியும் தன் வேகத்தில் மேலும் கீழும் போகும். எல்லாக் கப்பிகள் மீதும் ஓடும் ஒரே கம்பியின் நுனியில் பேனா. கைப்பிடியைச் சுற்றினால் வரைபடம் காகிதத்தில் இறங்கிவிடும். ஒரு வருடத்து ஓதத்துக்கு நாலு மணி நேரம் போதும். இதைக் கணினி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அந்த முதல் இயந்திரம் 10 அலைகளைக் கூட்டியது. 1879-ல் இந்தியத் துறைமுகங்களுக்கென்றே எட்வர்ட் ராபர்ட்ஸ் வடிவமைத்தது 20 அலைகளைக் கூட்டியது. அதற்கு வேண்டிய தரவு இங்கிருந்து போனது. இந்திய நில அளவைத் துறையின் பெயர்ட் மேற்பார்வையில் சென்னை உட்படப் பல துறைமுகங்களில் ஓதமானிகள் வைத்தார்கள். 1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலைகளையும் இந்த ஓதமானிகள் பதிவு செய்தன. சும்மா சொல்லக்கூடாது, வேலை தெரிந்தவர்கள்.

இன்று அந்தக் கப்பிகளின் வேலையை மாக்சிமா என்ற இலவச மென்பொருள் செய்கிறது. 1968-ல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய மாக்சிமா (Macsyma) என்ற மென்பொருளின் வாரிசு இது. வில்லியம் ஷெல்ட்டர் என்ற பேராசிரியர் பல வருடம் கட்டிக்காத்து, 1998-ல் பொது உரிமத்தில் வெளியிட அனுமதி வாங்கியிராவிட்டால் நம் கைக்கு வந்திருக்காது.

சென்னைக் கடலுக்குச் சந்திர அலையின் வீச்சு சுமார் 0.33 மீட்டர், சூரிய அலைக்குச் சுமார் 0.14. இந்த இரண்டை மட்டும் கூட்டி வரையச் சொன்னேன். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சமயம் 90 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது, இன்னொரு சமயம் 40-க்குள் சுருங்குகிறது. இரண்டு அலைகளும் மறுபடி ஒன்றுசேர எத்தனை நாள் என்று சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னால் 14 முக்கால் நாள் என்கிறது. அமாவாசையிலிருந்து பௌர்ணமி!

ஆனால் இது கடலின் கணக்கு. ஏரிக்குள் ஓதம் வருவது முகத்துவாரம் வழியாக. கரையோரமாக நகரும் மணல் அதை அடைத்துக்கொண்டே இருக்கிறது. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் வெள்ளம் அதை அறுத்துத் திறக்கிறது. வாய் அடைந்தால் படகு கடலுக்குப் போக முடியாது, இறால் குஞ்சு உள்ளே வராது. எந்த ஊர்க்காரர் எங்கே எப்போது வலை போடலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' முறை இங்கே உண்டு. 1991-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று அதை விவரமாகப் பதிவு செய்திருக்கிறது. பிரித்துக்கொள்ள மீன் இருந்தால்தானே முறை?

அதனால் சமன்பாட்டை 'வா' என்ற எண்ணால் பெருக்கினேன். வாய் முழுக்கத் திறந்திருந்தால் 1, அடைந்துவிட்டால் 0. ரொம்பக் கச்சாவான மாதிரிதான்; நிஜத்தில் ஏரிக்குள் ஓதம் வீச்சு குறைவதோடு தாமதமாகவும் வரும். 0.3 என்று வைத்தபோது பௌர்ணமி ஏற்றமே ஒரு சாண் உயரத்துக்கு வந்துவிட்டது. 0 வைத்தேன். திரையில் வெறும் கிடைக்கோடு. சந்திரனும் சூரியனும் இன்னும் அதே சமன்பாட்டில்தான் இருக்கிறார்கள்.