டெரி ஃபாக்ஸ் ஓட்டம்

டெரி ஃபாக்ஸ் ஓட்டம் என்பது புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காகப் பல நாடுகளில் நடத்தப்படும் அறக்கொடை ஓட்டமாகும். ஒரு காலை இழந்த நிலையில் கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை ஓட முயன்ற டெரி ஃபாக்ஸ் என்ற இளைஞரின் பெயரால் 1981-இல் இது தொடங்கப்பட்டது. இதில் முதலிடம், இரண்டாமிடம் என்பவை கிடையாது. இந்தியாவில் மும்பை, சென்னை ஆகிய நகரங்களில் இவ்வோட்டம் நடைபெற்றுள்ளது.

பின்னணி

டெரி ஃபாக்ஸ் 1958 சூலை 28 அன்று கனடாவின் வின்னிபெக் நகரில் பிறந்து, பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் வளர்ந்தார். பள்ளி நாள்களிலேயே கூடைப்பந்தில் ஈடுபாடு கொண்டிருந்தார். 1977-இல், 18 வயதில், அவருக்கு எலும்புப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டு, வலது கால் முழங்காலுக்கு மேலே அகற்றப்பட்டது. உயிர் பிழைக்க 50 விழுக்காடு வாய்ப்பு இருப்பதாக மருத்துவர்கள் கூறினர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே நோய் வந்திருந்தால் அந்த வாய்ப்பு 15 விழுக்காடு மட்டுமே என்பதையும் அவர் அறிந்துகொண்டார். அந்த வேறுபாடு ஆராய்ச்சியால் வந்தது என்பதை உணர்ந்தார். சிகிச்சையின்போது உடனிருந்த நோயாளிகள் பட்ட துன்பமும் அவர் மனத்தில் பதிந்தது.

செயற்கைக் காலுடன் ஓடப் பழகிய அவர், 1979-இல் பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் ஏறத்தாழ 27 கி.மீ. பந்தயம் ஒன்றில் கலந்துகொண்டார். தமக்கு முன் வந்தவரைவிடப் பத்து நிமிடம் பிந்திக் கடைசியாக வந்து சேர்ந்தார். கூடியிருந்தவர்கள் கண்ணீருடன் கைதட்டி அவரை வரவேற்றனர்.

நம்பிக்கை மாரத்தான்

1980 ஏப்ரல் 12 அன்று நியூபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில், செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்து ஃபாக்ஸ் ஓட்டத்தைத் தொடங்கினார். இது 'நம்பிக்கை மாரத்தான்' எனப்பட்டது. நண்பர் டக் ஆல்வர்ட் வண்டியில் உடன் சென்றார். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம், அதாவது 42 கி.மீ., ஓடுவது திட்டம். வண்டி, எரிபொருள், காலணி ஆகியவற்றை நிறுவனங்கள் வழங்கின. ஆனால் தங்கள் பொருளுக்கு விளம்பரம் செய்யக் கேட்டவர்களை அவர் திருப்பி அனுப்பினார். இந்த ஓட்டத்தால் எவரும் ஆதாயம் அடையக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

143 நாள்களில் 5,373 கி.மீ. கடந்த நிலையில், செப்டம்பர் 1 அன்று தண்டர் பே நகருக்கு அருகே ஓட்டத்தை நிறுத்த நேர்ந்தது. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. கனடியர் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு டாலர் பெற வேண்டும் என்பது அவருடைய இலக்கு. 1981 பிப்ரவரியில் திரண்ட தொகை 2.4 கோடி டாலரைக் கடந்து நாட்டின் மக்கள்தொகையை எட்டியது. 1981 சூன் 28 அன்று, 23 வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில், ஃபாக்ஸ் காலமானார்.

ஆண்டு ஓட்டம்

ஃபோர் சீசன்ஸ் விடுதிகளின் நிறுவனர் இசடோர் ஷார்ப் தம் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். ஃபாக்ஸ் பெயரில் ஆண்டுதோறும் ஓர் ஓட்டம் நடத்தலாம் என்ற எண்ணத்தை முன்வைத்தவர் அவரே. ஃபாக்ஸ் ஒரு நிபந்தனையுடன் இசைந்தார்: அது போட்டியாக இருக்கக் கூடாது, ஓடலாம், நடக்கலாம், மிதிவண்டியிலும் வரலாம். வேறு அறப்பணிகளுக்கு வரும் நன்கொடை இதனால் குறையும் என்று சிலர் எதிர்த்தனர். ஆயினும் 1981 செப்டம்பர் 13 அன்று நடந்த முதல் ஓட்டத்தில் 3 இலட்சம் பேர் பங்கேற்றனர். 35 இலட்சம் டாலர் திரண்டது. கடைசியாக வந்தவரும் கைதட்டல் பெற்ற பிரின்ஸ் ஜார்ஜ் பந்தயத்தின் சாயலை இந்த விதியில் காணலாம். குழந்தைகள், முதியோர், சிகிச்சையில் இருப்போர் எனப் பலரும் தயக்கமின்றிக் கலந்துகொள்ள இது வழிசெய்தது.

பின்னர் இவ்வோட்டம் 60-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. கனடாவுக்கு வெளியே திரட்டப்படும் நிதி அந்தந்த நாட்டின் புற்றுநோய் ஆராய்ச்சிக்கே செலவிடப்படுகிறது. ஃபாக்ஸ் பெயரால் இதுவரை 85 கோடி கனடிய டாலருக்கும் மேல் திரட்டப்பட்டுள்ளது.

இந்தியாவில்

மும்பையில் திரட்டப்பட்ட நிதி டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வுகளுக்கு உதவியது. சென்னையில் இவ்வோட்டம் ஐஐடி வளாகத்தில் நடத்தப்பட்டது. அவ்வளாகத்தின் முன் செல்லும் சர்தார் பட்டேல் சாலையிலேயே அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் ஒரு வளாகமும் உள்ளது. புற்றுநோய்க்குத் தம் தங்கையை இழந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, மகளிர் இந்திய சங்கத்தின் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டி 1954-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனை அது. புற்றுநோயை ஒரு குடும்பத்தின் தனித் துயரமாக விட்டுவிடாமல், பலர் தரும் சிறு தொகைகளைக் கொண்டு எதிர்கொள்ளும் முயற்சி, டெரி ஃபாக்ஸ் பிறப்பதற்கு முன்பே சென்னையில் வேரூன்றியிருந்தது.